மலை விட்டு மலை போகும் செடி

‘குண்டர் சட்டம்’ என்று நாம் சுருக்கிச் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு மிக நீண்ட பெயர் ஒன்று உண்டு. யார் யாரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம் என்ற பட்டியலே அந்தப் பெயர். கள்ளச்சாராயக்காரர்கள் அதில் இருக்கிறார்கள், போதைப்பொருள் குற்றவாளிகள் இருக்கிறார்கள். வனக் குற்றவாளிகள் 1988-இல் சேர்க்கப்பட்டார்கள். இந்த மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது கல்வராயன் மலைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஓடையோரச் சாராய ஊறல், மரவள்ளிக் காட்டுக்குள் ஒளித்து வளர்த்த கஞ்சாச் செடி, மரம் வெட்டப் போன கூலி ஆள் என்று இந்த மலையைப் பற்றி வெளியுலகம் அறிந்த செய்திகளெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

போதைப்பொருள் கொள்கை கஞ்சா சாகுபடியை என்ன செய்கிறது என்ற கேள்வியை டெல்லியிலோ, ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் உள்ள வியன்னாவிலோ இருந்து கேட்கலாம். கல்வராயனின் வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் கேட்டால் விடை வேறு மாதிரி வருகிறது. சட்டம் கடுமையாவதால் செடி அழிவதில்லை. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. போகிற இடமெல்லாம் ஒரே மாதிரியான இடம். சாலை இருக்காது, பட்டா இருக்காது, விளைந்ததை விற்க நல்ல சந்தையும் இருக்காது. இதைத்தான் இந்தக் கட்டுரையில் விரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

இந்தியாவில் கஞ்சாவைப் பற்றி நடந்த முதல் பெரிய விசாரணை 1893-94-இல் நடந்தது. பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய கஞ்சா விசாரணைக் குழு மாகாணம் மாகாணமாகச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் வாங்கியது. சென்னை மாகாணத்தில் கஞ்சா விளைந்த இடங்களில் ஒன்றாக வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையை அது குறித்து வைத்தது. அங்கே பயிரிட்டவர்கள் ‘மலையாளி’ என்று அழைக்கப்படும் பழங்குடியினர். கல்வராயன் மலையில் இன்று வாழ்பவர்களும் அதே மலையாளி மக்கள்தான். முழுத்தடை வேண்டாம், உரிமம் கொடுத்து, வரி போட்டு, பயிரிடும் இடத்தைக் குறுக்கினால் போதும் என்பது அந்தக் குழுவின் முடிவு. மக்கள் உடல்நலத்தோடு கலால் வருமானமும் அரசின் கணக்கில் இருந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பயிரிட்டவனைக் குற்றவாளி என்று அது எண்ணவில்லை.

அந்த எண்ணம் வெளியிலிருந்து வந்தது. 1961-இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஒப்பந்தம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. இந்தியா அதில் சேர்ந்தது. மருத்துவம் அல்லாத பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசமும் இருந்தது. அவகாசம் முடியும் தறுவாயில், 1985 நவம்பர் 14-இல், போதைப்பொருள் தடைச்சட்டம் அமலுக்கு வந்தது. இலையை விட்டுவிட்டு, பூவும் காயும் கொண்ட நுனிகளை மட்டும் ‘கஞ்சா’ என்று அது வரையறுத்தது. அதனால்தான் வடமாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற கடைகளில் பாங் இன்றும் விற்கிறது. இலையை அரைத்துக் குடிக்கும் பழக்கம் வடக்கில் வலுவாக இருந்ததால் அதற்குக் கதவு திறந்தே இருந்தது. பூவைப் புகைக்கும் தெற்கின் பழக்கத்துக்கு அப்படி ஒரு கதவு இல்லாமல் போயிற்று.

அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கஞ்சா வைத்திருந்தால் தண்டனை அளவைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்குக் குறைவானது ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேற்பட்டது ‘வணிக அளவு’. அதற்குப் பத்து முதல் இருபது ஆண்டு வரை. இடைப்பட்ட எடைக்குப் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். எடைக்கேற்ற இந்தப் படிநிலை 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. பயிரிடுவதற்கு இந்தப் படிநிலை கிடையாது. வீட்டுக் கொல்லையில் இரண்டு செடி வைத்தவனுக்கும் காட்டுக்குள் ஐந்து ஏக்கர் போட்டவனுக்கும் ஒரே பிரிவு, ஒரே உச்ச தண்டனை: பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பத்தொன்பது கிலோ மூட்டையோடு பேருந்தில் பிடிபட்டவனுக்கும் அதிகபட்சம் இதேதான். நீதிபதி தம் மனசாட்சிப்படி குறைத்துத் தீர்ப்பளிக்கலாம். ஆனால் தீர்ப்பு வரும்வரை காவலில் கிடப்பதும், ஜாமீனுக்கு ஆள் தேடுவதும், கீழே கள்ளக்குறிச்சிக்கும் விழுப்புரத்துக்கும் வழக்குக்காக அலைவதும் கல்வராயன் மலைக்குடும்பம் ஒன்றின் ஒரு தலைமுறைச் சேமிப்பைத் தின்றுவிடும். போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுபட இதே சட்டம் 64ஏ பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறது. பயிரிட்டதை விட்டுவிடுகிறேன் என்று முன்வருபவனுக்கு அப்படி எந்த வழியும் இல்லை.

தமிழ்நாட்டில் பெருமளவு கஞ்சா விளைந்தது கல்வராயனில் அல்ல, தேனியில். 1980-களிலும் 90-களிலும் வருசநாடு, மேகமலைக் காடுகளும் கம்பம் பள்ளத்தாக்கும் கஞ்சாவுக்குப் பேர்போனவை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியிலும் அதே கதைதான். ‘இடுக்கி கோல்டு’ என்ற பெயரில் 2013-இல் ஒரு மலையாளத் திரைப்படமே வந்தது. இரு மாநில காவல், வனம், கலால் துறைகளும் ஆண்டுக்கணக்காகச் செடிகளைப் பிடுங்கி எரித்தன. சாகுபடி மெய்யாகவே குறைந்தது. தமிழ்நாட்டில் கஞ்சா சாகுபடியே இல்லை என்று அமைச்சர்கள் பலமுறை அறிவித்திருக்கிறார்கள். பெரிய அளவில் இல்லை என்பது வரை அது சரியே.

அந்தச் செடி வடக்கே ஆந்திர - ஒடிசா எல்லைக்குப் போயிற்று. சிந்தபள்ளி, கூடெம் கொத்தவீதி, பாடேரு வட்டாரங்களில் பழங்குடிகள் வாழும் மலைகள் அவை. அப்போது அங்கே சாலைகள் குறைவு, மாவோயிஸ்டுகளின் நடமாட்டத்தால் காவலர்கள் எளிதில் நுழைய முடியாத காடு, நிலம் இருந்தும் சந்தைக்கு வழியில்லாத விவசாயி. விதையும் முன்பணமும் கொடுத்துப் பயிரிடச் சொன்னவர்கள் வெளியூர் வியாபாரிகள். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அனுபவமுள்ள ஆட்கள் அங்கே போனதாக அந்தப் பகுதிச் செய்திகள் தொடர்ந்து சொல்லி வந்திருக்கின்றன. ‘சீலாவதி’ என்ற ரகம் அங்கே பிரபலம். 2021 அக்டோபர் இறுதியில் ஆந்திரக் காவல்துறை ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’வைத் தொடங்கியது. சுமார் 7,500 ஏக்கர் அழிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்து எரித்தார்கள். காபி, மிளகு, மஞ்சள் என்று மாற்றுப் பயிர்களுக்கு உதவியும் செய்தார்கள். பலனும் கிடைத்தது. ஆனால் எல்லைக்கு அப்பால், ஒடிசாவின் கோராபுட், மல்காங்கிரி மலைகளில் செடி மேலும் பரவியது. தமிழ்நாட்டுக் காவல்துறை 2021 டிசம்பரில் தொடங்கி நடத்திய ‘கஞ்சா வேட்டை’களில் பிடிபட்ட மூட்டைகளில் பெரும்பகுதி அந்த வடக்குப் பாதையில் வந்தவைதான். நம் ஊரில் வளர்வதைத் தடுத்தோம். நம் ஊரில் புகைப்பதை நிறுத்தவில்லை. எய்ம்ஸ் மருத்துவமனை 2019-இல் வெளியிட்ட நாடுதழுவிய ஆய்வின்படி இந்தியாவில் கஞ்சாவோ கஞ்சாப் பிசினான சரஸோ பயன்படுத்துவோர் சுமார் 1.3 கோடி பேர். வேண்டுவோர் இத்தனை பேர் இருக்கும்போது அந்தச் செடி எங்காவது வளர்ந்தே தீரும்.

இனி கல்வராயன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு, 2,000 முதல் 4,000 அடி உயரம், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் சேலம் மாவட்டத்துக்கும் நடுவே பரந்து கிடப்பது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் ஆட்சியில் இருந்த மலை. நாடு விடுதலை அடைந்து கிட்டத்தட்ட முப்பதாண்டு கழித்து, 1976-இல்தான், ஜாகீர் முறை முடிந்து அரசு நிர்வாகத்தின் கீழ் முழுமையாக வந்தது. அரசு என்ற ஒன்று பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் அந்த மக்களுக்கு முகம் காட்டுவதற்கு முன்பே வனக்காவலராகவும் மதுவிலக்குப் பிரிவுக் காவலராகவும் முகம் காட்டிவிட்டது. இந்த வரிசையின் பின்விளைவுகளை மலை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே கஞ்சா பெரும்பயிர் அல்ல. மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையே சில செடிகள், வீட்டின் பின்புறம் சில செடிகள், எப்போதாவது காட்டுச் சரிவில் ஒரு சிறு பாத்தி என்ற அளவில்தான் பிடிபடுகிறது. செடிகளைப் பிடுங்கித் தீயிட்டார்கள், வளர்த்தவர் கைது என்று நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வரும். அவர் ஏன் வளர்த்தார் என்ற கேள்விக்கு அந்த நான்கு வரியில் இடமிருப்பதில்லை.

விடை எடையில் இருக்கிறது. மரவள்ளி நிலத்தில் ஒன்பது, பத்து மாதம் நிற்க வேண்டும். பிடுங்கிய கிழங்கு சில நாளுக்குள் ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். மூட்டை மூட்டையாகக் கனம். மலைப்பாதையில் லாரி ஏற மறுத்தால், அல்லது ஏறுவதற்குக் கூடுதல் வாடகை கேட்டால், வியாபாரி சொன்னதுதான் விலை. மாவுச்சத்து குறைவு என்று சொல்லியும் விலையைக் குறைப்பார்கள். கஞ்சாவுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. தடையின் காரணமாக ஒரு கிலோவின் விலை ஏறிக்கிடக்கிறது, ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கிவிடலாம், காய்ந்தால் கெடாது, வாங்குபவன் வாசலுக்கே வருவான். தடை ஒரு பொருளின் எடைக்கு மேல் விலையை ஏற்றும்போது, சாலையில்லாத ஊர்தான் அந்தப் பொருளுக்கு மிகவும் வசதியான ஊராகிவிடுகிறது. ஆகவே கல்வராயனில் சாலை போடுவதும் போதைப்பொருள் கொள்கைதான் என்று நான் சொல்வேன். எந்தத் துறையும் அதை அந்தக் கணக்கில் எழுதுவதில்லை.

மெக்சிகோவில் இதே தொடர்பை எண்களோடு காட்டியிருக்கிறார்கள். ஓயிந்திரிலா துபே உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மக்காச்சோள விலை சரிந்தபோது மக்காச்சோளம் நன்றாக விளையும் வட்டாரங்களில் கஞ்சாவும் அபினிச் செடியும் கூடின என்று கண்டது. காவல் நடவடிக்கையைப் போலவே உணவுப்பயிரின் விலையும் போதைப்பயிரின் பரப்பைத் தீர்மானிக்கிறது. மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டு வாழும் மலைக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

கல்வராயனின் சாராயக் கதையைச் சொல்லாமல் கஞ்சாவைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி அரசு இந்தியாவிலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த மாவட்டம் சேலம். இந்த மலையின் மேற்குச் சரிவு அதற்குள் இருந்தது. அதன்பிறகு மதுவிலக்கு பலமுறை வந்தது, போனது. இன்று அரசே டாஸ்மாக் நடத்துகிறது. கல்வராயனில் காய்ச்சுவது மட்டும் நின்றபாடில்லை. வெல்லமும் வேலம்பட்டையும் கலந்து பேரல்களில் போட்ட ஊறல், ஓடைத் தண்ணீர், விறகு, லாரி டியூபில் அடைத்துத் தலைச்சுமையாக இறக்கம். காவலர்கள் மலையேறி ஊறலைக் கொட்டினார்கள், திரும்ப ஏறிக் கொட்டினார்கள். ஊறல் போடப் பல நாள் வேண்டும், புகை தெரியும், வாசனை காட்டிக்கொடுக்கும். மெத்தனாலுக்கு இவை எதுவும் வேண்டாம். ஆலைக்குரிய அந்த விஷத்தைக் கேனில் வாங்கித் தண்ணீர் கலந்து பாக்கெட்டில் அடைத்தால் போதும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் அது விற்றது. 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் கண்பார்வை இழந்தார்கள். முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் மதுராந்தகம் பக்கத்திலும் அதே மெத்தனால் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. மலைச்சாராயம் நல்லது என்று நான் வாதிடவில்லை. அதுவும் குடும்பங்களை அழித்தது. ஆனால் தடை கடுமையாகும்போது சந்தை எளிதில் ஒளிக்கக்கூடிய, சிறிய அளவில் அதிகம் தாக்கக்கூடிய சரக்குக்கு மாறும் என்பதைக் கருணாபுரத்தின் வீதிகளில் பிணங்களாகப் பார்த்தோம்.

கஞ்சாவிலும் அதே திருப்பம் தொடங்கிவிட்டது. கஞ்சாப் பொட்டலத்தைத் தேடும் சோதனை கூடக் கூட, டேபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளை நீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பரவுகிறது. மாத்திரைக்கு வயல் வேண்டாம், மழை வேண்டாம், மலையும் வேண்டாம். சாகுபடி ஒழிந்தது என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

2024 கருணாபுரம் கொடுமைக்குப் பிறகு அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் சிறை, பத்து லட்சம் ரூபாய் அபராதம் என்ற அளவுக்குத் தண்டனையை உயர்த்தியது. சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு கேள்வியை எழுப்பியது. 2024 ஜூலையில் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்து, அங்கே சாலை, பள்ளி, மருத்துவம், வேலை என்ன நிலையில் இருக்கின்றன என்று அரசிடம் கேட்டது. முதல்வரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த மலையின் குற்றங்களைப் பற்றி எத்தனையோ வழக்குகள் நடந்திருக்கின்றன. இந்த மலைக்கு அரசு செய்யத் தவறியதை முன்வைத்து எழுந்தது இந்த வழக்கு. என் மதிப்பில், தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த போதை ஒழிப்பு நடவடிக்கை இதுதான்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய முன்மாதிரி தாய்லாந்து. வடக்கு மலைகளில் பழங்குடிகள் அபினி பயிரிட்டுவந்தார்கள். 1969-இல் மன்னர் பூமிபோல் தொடங்கிய அரச திட்டம் பழம், காய்கறி, காபி என்று மாற்றுப் பயிர்களையும், அவற்றை வாங்கி விற்கும் ஏற்பாட்டையும், சாலையையும் முதலில் கொண்டுபோனது. அபினி வயல்களை அழிக்கும் வேலையை அரசு பெருமளவில் தொடங்கியது 1984-இல். நடுவில் பதினைந்து ஆண்டுகள் இடைவெளி இருந்தது. அந்த மலைகளில் அபினி அநேகமாக மறைந்துபோயிற்று. கொலம்பியா இதற்கு நேர்மாறாக, விமானத்திலிருந்து கோக்கா வயல்கள்மீது களைக்கொல்லி தெளித்தது. செடி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனது. 2015-இல் தெளிப்பதை நிறுத்தினார்கள். தாய்லாந்தும் அப்பழுக்கற்றதல்ல. மலைமக்கள் பலர் குடியுரிமைகூட இல்லாமல் வெகுகாலம் தவித்தார்கள். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒன்றில் அது சரியாக நடந்துகொண்டது.

சட்டபூர்வமாக்கினால் தீர்ந்துவிடுமே என்று சிலர் சொல்கிறார்கள். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. நார், விதைத் தேவைக்காகப் போதை குறைந்த கஞ்சா ரகங்களைப் பயிரிட உத்தராகண்ட் 2018-இல் உரிமம் கொடுத்தது. இந்தியச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. மொராக்கோ 2021-இல் ரிஃப் மலைப் பகுதியின் மூன்று மாகாணங்களில் மருத்துவ, தொழில் தேவைக்குச் சாகுபடியை அனுமதித்தது. 2024 ஆகஸ்டில் அந்நாட்டு மன்னர் கஞ்சா வழக்குகளில் சிக்கிய 4,800-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மன்னிப்பும் வழங்கினார். மன்னிப்பு என்ற அந்தப் பகுதிதான் என்னை ஈர்க்கிறது. உரிமம் என்ற பகுதியில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆப்பிரிக்காவின் லெசோதோ மருத்துவக் கஞ்சாவுக்கு 2017 முதல் உரிமம் கொடுத்தபோது, தலைமுறையாகப் பயிரிட்டுவந்த மலை விவசாயிகளால் உரிமக் கட்டணத்தையும் ஆய்வக விதிகளையும் தாங்க முடியவில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து உட்கார்ந்தன. பட்டா இல்லாத மலையாளிக் குடும்பத்துக்கு யார் உரிமம் கொடுப்பார்கள்? இன்றைய நிலையில் உரிமமுறை வந்தால் அது சமவெளிப் பணக்காரருக்கு வரும், மலைக்காரருக்கு வழக்கு மட்டும் மிஞ்சும்.

ஆகவே பட்டாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்து பத்தாண்டு தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் கொடுக்க முடியாமல் இருந்தது. உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவு குறுக்கே நின்றது, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அந்தப் பத்தாண்டில் மலைமக்கள் தங்கள் நிலத்திலேயே ஆக்கிரமிப்பாளர்களாக நின்றார்கள். சொந்தமென்று காகிதம் இல்லாத நிலத்துக்கு வங்கிக் கடன் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை, மா, பலா போல ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பலன் எடுக்கும் மரங்களை நடத் துணிவும் வராது. அப்படிப்பட்டவரிடம் குறுகிய காலத்தில் காசாகும் செடியோடு வியாபாரி வந்து முன்பணத்தை நீட்டுகிறான். பத்தாண்டுத் தாமதமும் கஞ்சாச் செடியும் தனித்தனிச் செய்திகள் அல்ல. 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் ஜவ்வாது, சித்தேரி மலைப் பக்கத்து மக்கள் இருந்ததும் இதே வறுமையின் கணக்கில்தான் வருகிறது. செம்மரம் வெட்டக் கூட்டிப்போனவனும் கையில் முன்பணத்தோடுதான் வந்தான்.

கல்வராயனுக்கென்று வேண்டுபவை பெரிய ரகசியங்கள் அல்ல. வன உரிமைப் பத்திரங்களைக் கிராமசபை வழியாக விரைந்து முடிப்பது. கடுக்காய்க்கு மத்திய அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச விலையை, பழங்குடியினருக்கான லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கங்கள் அறுவடைக் காலத்தில் கையில் பணமாகவே கொடுத்து வாங்குவது. மரவள்ளியை மலையிலேயே அரைத்து மாவாக்கும் சிறு ஆலைகள். கிழங்கின் கனம் குறைந்தால் வியாபாரியின் பிடியும் தளரும். சாமை, தினை இவற்றை ரேஷன் கடைக்கும் பள்ளிச் சத்துணவுக்கும் மலையிலிருந்தே கொள்முதல் செய்வது. சட்டத்தின் பக்கத்தில், கஞ்சா வைத்திருப்பதற்கு ‘சிறிய அளவு’ இருப்பதுபோலப் பயிரிடுவதற்கும் செடிகளின் எண்ணிக்கையில் ஒரு சிறிய அளவை 20-ஆம் பிரிவில் எழுதுவது; முதல்முறை பிடிபட்டவர் செடியைத் தாமே அழித்து மாற்றுப் பயிர்த் திட்டத்தில் சேர்ந்தால் வழக்கைக் கைவிட வழி செய்வது. வழக்கில் சிக்கியவரின், உறவினரின் வங்கிக் கணக்கை முடக்குவது இன்று காவல்துறையின் வழக்கமான ஆயுதம். மொத்த வியாபாரியின் கணக்குக்கு அது பொருந்தும். ஊரக வேலைத் திட்டக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் வந்து விழும் கணக்குக்கு அது பொருந்தாது. முடக்கிய மாதமே அந்த வீட்டில் அடுப்பு அணைந்துவிடும், முன்பணத்தோடு வியாபாரி மறுபடி படியேறுவான்.